பச்சைக் குறி பொய் சொல்லும் இடங்கள்: டொமைன் பெயர் தேடும் கருவிகள்

டொமைன் பெயர், அதாவது இணையதளத்தின் முகவரிப் பெயர், காலியா என்று பார்க்கப் பலர் செய்வது, பிரவுசரில் தட்டிப் பார்ப்பதுதான். 'இந்தத் தளத்தை அடைய முடியவில்லை' என்று வந்தால் உடனே லோகோ வரையக் கிளம்பிவிடுவார்கள். அந்தச் செய்திக்கும் பெயர் காலியாக இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. பெயரை வாங்கிப் போட்டுவிட்டுத் தளம் எதுவும் வைக்காதவர்கள் ஏராளம். மின்னஞ்சலுக்கு மட்டும் ஒரு பெயரை வைத்திருப்பவர்களும் உண்டு. பிரவுசர் சொல்வது அங்கே வெப்சர்வர் பதில் தரவில்லை என்பதை மட்டுமே.

தேடும் கருவிகளில் பாதி இதே தவறைக் கொஞ்சம் நாகரிகமாகச் செய்கின்றன. அதனால் எந்தக் கருவி நல்லது என்று கேட்பதற்கு முன், அது பதிலை எங்கிருந்து எடுக்கிறது என்று கேட்க வேண்டும். எடுக்கும் இடங்கள் மூன்றுதான்.

முதலாவது டிஎன்எஸ், அதாவது பெயரை சர்வரின் எண் முகவரியாக மாற்றித் தரும் இணைய அடைவு. பெயருக்கு நேம்சர்வர் (அந்த எண் முகவரியைச் சொல்லும் சர்வர்) இருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் 'காலி' என்று பச்சைக் குறி போடுவது. வேகமான வழி, செலவில்லாத வழி, அடிக்கடி தப்பாகப் போகும் வழியும் இதுதான். இரண்டாவது ஸோன் ஃபைல். ஒரு ரெஜிஸ்ட்ரி (ஒரு பின்னொட்டின் மொத்தப் பதிவேட்டை நடத்தும் அமைப்பு) தன்னிடம் இயங்கும் பெயர்களையெல்லாம் ஒரே கோப்பாகத் தரும்; .காம் போன்ற பொதுப் பின்னொட்டுகளுக்கு டொமைன் பெயர்களுக்கு உலக அளவில் விதி வகுக்கும் ஐகேன் நடத்தும் சேவை வழியாக விண்ணப்பித்து எடுக்கலாம். தட்டத் தட்ட உடனுக்குடன் பதில் காட்டும் கருவிகள் இந்தக் கோப்பை வைத்துத்தான் அந்த வேகத்தைக் காட்டுகின்றன. ஆனால் கோப்பு பல மணி நேரம், சில வேளை ஒரு நாள் பழையது. நேம்சர்வர் இல்லாத பெயர் அதில் இருக்கவும் இருக்காது. மூன்றாவது, ரெஜிஸ்ட்ரியிடமே நேரடியாகக் கேட்பது. பெயரை நமக்கு விற்கும் பதிவு நிறுவனங்கள் இபிபி என்ற நெறிமுறையில் கேட்கின்றன. நீங்களும் நானும் ஆர்டேப் என்ற பொது நெறிமுறை வழியாகக் கேட்கலாம். நம்ப வேண்டியது இந்த மூன்றாவதைத்தான். மற்ற இரண்டும் யோசனைகளைச் சலிக்க உதவும், அவ்வளவே.

இப்படிப் பதிவு விவரம் கேட்கும் சேவையைப் பழைய ஆட்கள் ஹூயிஸ் என்பார்கள். பொதுப் பின்னொட்டுகளுக்கு ஹூயிஸ் சேவை கட்டாயம் என்ற விதியை 2025 ஜனவரி 28 அன்று ஐகேன் விலக்கிக்கொண்டது. அந்த இடத்துக்கு வந்திருப்பது ஆர்டேப். ஹூயிஸ் பதில் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு வடிவில் வரும் வெறும் எழுத்துக் குவியல். ஆர்டேப் ஒரே கட்டமைப்பில், நிரல்கள் எளிதில் படிக்கும் ஜேசன் வடிவில் தருகிறது.

ஆர்டேப்பில் நேரடியாகக் கேட்பது

எதையும் நிறுவ வேண்டாம். பிரவுசரில் ஆர்டேப்.ஆர்க் (rdap.org) என்ற முகவரி, ஒரு சாய்கோடு, டொமைன் என்ற ஆங்கிலச் சொல், மறுபடி சாய்கோடு, அதன்பின் பின்னொட்டோடு முழுப் பெயர். அந்தத் தளம் உங்கள் கேள்வியை உரிய ரெஜிஸ்ட்ரிக்குத் திருப்பிவிடும். பெயர் பதிவாகியிருந்தால் 200 என்ற குறியீட்டோடு ஒரு நீளமான ஜேசன் வரும். பதிவில் இல்லையென்றால் 404. ஜேசனைப் படிக்கப் பொறுமை இல்லையென்றால் ஐகேனின் லுக்கப் பக்கம் அதையே வரிசைப்படுத்திக் காட்டும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. எல்லா நாட்டுப் பின்னொட்டுகளுக்கும் ஆர்டேப் சர்வர் இல்லை. சர்வரே இல்லாத பின்னொட்டைக் கேட்டாலும் ஆர்டேப்.ஆர்க் 404 என்றுதான் சொல்லும்; அதைக் 'காலி' என்று படித்தால் தொலைந்தது. புதிய பின்னொட்டு ஒன்றைத் தொடும்போது, அதில் கட்டாயம் பதிவாகியிருக்கும் ஒரு பெயரை முதலில் கேட்டுப் பாருங்கள். அதற்கும் 404 வந்தால் பிரச்சினை சர்வரில். அந்தப் பின்னொட்டின் ரெஜிஸ்ட்ரி தளத்திலேயே இருக்கும் தேடல் பெட்டிக்குப் போய்விடுங்கள்.

நிறையப் பெயர்களைப் பார்க்க வேண்டுமென்றால் இணைய முகவரியைக் கட்டளை வரியிலிருந்து கேட்கும் கர்ல் கட்டளையை ஒரு சிறு லூப்பில் போட்டு, பதிலின் உடலை விட்டுவிட்டுக் குறியீட்டை மட்டும் ஒரு கோப்பில் எழுதவைக்கலாம். திருப்பிவிடுதலைப் பின்தொடரும் தேர்வைக் கொடுக்க மறந்தால் எல்லாமே 302 என்று வந்து நிற்கும். ஒவ்வொரு கேள்விக்கும் நடுவே ஒன்றிரண்டு விநாடி இடைவெளி விடுங்கள். விடாவிட்டால் 429 வரத் தொடங்கும். கேள்வி அதிகமாகிவிட்டது, சற்றுப் பொறு என்று அர்த்தம். லூப் எழுதும்போது 404 இல்லாத எல்லாவற்றையும் 'எடுத்தாயிற்று' என்றோ, 200 இல்லாத எல்லாவற்றையும் 'காலி' என்றோ இரண்டாகப் பிரித்துவிடாதீர்கள். 429-க்கும் 5-இல் தொடங்கும் குறியீடுகளுக்கும் 'தெரியவில்லை' என்று தனிப் பட்டியல் வைத்து மறுபடி ஓட்டுங்கள். இலவசமாகக் கிடைக்கும் மொத்தத் தேடல் ஸ்கிரிப்டுகள் பலவற்றில் இந்தப் பிழைதான் இருக்கிறது: சர்வர் களைத்துப்போன நேரத்தில் கேட்ட ஐம்பது பெயரும் காலி என்று காட்டும்.

404 வந்தபின்னும் முழு உறுதி இல்லை. ரெஜிஸ்ட்ரி தனக்கென ஒதுக்கிவைத்த பெயர்கள், பிரீமியம் என்று கூடுதல் விலை வைத்த பெயர்கள் ஆகியவையும் பதிவில் இல்லாதவைதான். அவற்றுக்கும் 404 வரலாம். பதிவு நிறுவனத்தின் வண்டியில் (கார்ட்) போட்டு, சாதாரண விலையில் கடைசிப் பக்கம் வரை போனால்தான் பெயர் கிடைக்கும் என்று உறுதி.

பதிவாகியிருந்தால் விட்டுவிட வேண்டுமா?

ஜேசனில் 'ஸ்டேட்டஸ்' என்று ஒரு பகுதி இருக்கும். பெயரின் ஜாதகம் அங்கே.

காலாவதியான பெயர் அன்றைக்கே விழுந்துவிடாது. .காம் போன்றவற்றில் காலாவதிக்குப் பின் 45 நாள் வரை ஆட்டோ ரினியூ காலம். பழைய உரிமையாளர் பெரும்பாலும் வழக்கமான கட்டணத்தில் மீட்கலாம். அதன்பின் பதிவு நிறுவனம் அழித்தால் 30 நாள் ரிடெம்ப்ஷன் காலம்; இதில் மீட்கத் தனி அபராதம் உண்டு. கடைசியாக 5 நாள் பெண்டிங் டெலீட். இதில் யாராலும் எதுவும் செய்ய முடியாது, பெயர் விழுந்தே தீரும். கூட்டினால் அதிகபட்சம் 80 நாள். நாட்டுப் பின்னொட்டுகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, ஒவ்வொன்றுக்கும் தனி விதி.

இதில் பலரை ஏமாற்றும் ஒரு விஷயம்: காலாவதி நாள் வந்ததும் ரெஜிஸ்ட்ரி தானாகவே ஓராண்டு நீட்டித்துவிடும், பணம் கட்டினாரா என்று பார்க்காது. அதனால் ஆர்டேப்பில் அடுத்த ஆண்டுத் தேதி தெரியும். 'ஐயோ, புதுப்பித்துவிட்டார்களே' என்று விட்டுவிடுவோம். பக்கத்திலேயே ஆட்டோ ரினியூ பீரியட் என்ற நிலை இருந்தால் இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்று பொருள். உரிமையாளர் உரிய நேரத்தில் பணம் கட்டியிருந்தாலும் இந்த நிலை சில வாரம் தெரியலாம் என்பதால், நிலை போன பிறகு மறுபடி பார்க்க வேண்டும்.

ரிடெம்ப்ஷன், பெண்டிங் டெலீட் இரண்டு நிலையிலும் பெயர் டிஎன்எஸ்ஸிலும் ஸோன் ஃபைலிலும் இருக்காது. முதல் இரண்டு வகைக் கருவிகளும் பச்சைக் குறி காட்டுவது இங்கேதான். ஹோல்ட் போடப்பட்ட, அதாவது பதிவில் இருந்தும் இயக்கம் நிறுத்தப்பட்ட பெயருக்கும் இதே கதி. 'கருவி காலி என்கிறது, வண்டியில் போட்டால் இல்லை என்கிறது' என்று புலம்புபவர்கள் மோதியது பெரும்பாலும் இந்தச் சுவரில்.

பெண்டிங் டெலீட்டில் ஒரு பெயரைப் பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் விழித்திருந்து பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம். கொஞ்சம் மதிப்புள்ள பெயர் என்றாலும் விழும் விநாடிக்குள், விழும் பெயரைப் பிடிப்பதையே தொழிலாக வைத்திருக்கும் டிராப் கேட்ச் நிறுவனங்களின் இயந்திரங்கள் அள்ளிவிடும். ட்ராப்கேட்ச், ஸ்நாப்நேம்ஸ் போன்ற இடங்களில் முன்பதிவு செய்யலாம். பலரும் கேட்டால் ஏலத்துக்குப் போகும். அதற்கும் முன்பே, ரிடெம்ப்ஷனுக்குப் போகாமல் பதிவு நிறுவனங்களே காலாவதிப் பெயர்களை ஏலத்தில் விற்றுவிடுவதால், நல்ல பெயர்களில் பெரும்பகுதி தரையைத் தொடுவதே இல்லை. எக்ஸ்பயர்ட்டொமைன்ஸ்.நெட் தளத்தில் விழப்போகும் பெயர்களின் பட்டியலை நீளம், எழுத்து, பின்னொட்டு என்று சலித்துப் பார்க்கலாம். கணக்குத் தொடங்கி, பின்னொட்டு ஒன்று, நீளம் பத்துக்குள், எண்ணும் ஹைஃபனும் வேண்டாம் என்று மூன்று சல்லடை போட்டாலே பட்டியல் படிக்கும் அளவுக்குச் சுருங்கும்.

பெயரை உண்டாக்கும் கருவிகள்

இவை வேறு ஜாதி. நேமெலிக்ஸ் மாதிரியானவை சொல்லைக் கொடுத்தால் பிராண்டுப் பெயர் போல எதையாவது உருட்டித் தரும். டொமைனர், பின்னொட்டையும் சேர்த்துச் சொல்லாக்கும் பெயர்களைத் தேடுவதில் கெட்டி. இன்ஸ்டன்ட் டொமைன் சர்ச் வேகத்துக்கு. நேம்சீப்பின் பீஸ்ட் மோடு, கோடாடியின் மொத்தத் தேடல் ஆகியவை நீங்களே பட்டியல் வைத்திருக்கும்போது பயன்படும். செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் பெயர் கேட்கலாம்; காலியா என்று மட்டும் கேட்கக் கூடாது. ரெஜிஸ்ட்ரியைக் கேட்கும் வசதி இல்லாத உரையாடி கூசாமல் 'கிடைக்கிறது' என்று சொல்லும்.

என் கருத்தில் இந்தக் கருவிகளை விட ஒரு ஸ்ப்ரெட்ஷீட் நல்லது. ஒரு நெடுவரிசையில் உங்கள் தொழிலைச் சொல்லும் 20 சொற்கள், அடுத்ததில் உணர்வையோ இடத்தையோ செயலையோ சொல்லும் 15 சொற்கள். இரண்டையும் முன்பின்னாக ஒட்டினால் 600 பெயர். அதை மொத்தத் தேடலில் ஒட்டி, மிஞ்சுவதை வாய்விட்டுப் படித்து, கூசுவதையெல்லாம் அடித்தால் பத்துப் பதினைந்து நிற்கும். அந்தப் பத்தை மட்டும் ஆர்டேப்பில் உறுதி செய்தால் போதும். .காமில் பதிவான பெயர்கள் 15 கோடிக்கு மேல். நாலெழுத்துச் சேர்க்கைகள் மொத்தமே 4,56,976. அதில் காலியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இரண்டு சொல் ஒட்டிய பெயரில்தான் இன்னும் இடம் இருக்கிறது.

ஒட்டும்போது முதல் சொல்லின் கடைசி எழுத்தும் அடுத்ததன் முதல் எழுத்தும் ஒன்றாக இருந்தால் அடித்துவிடுங்கள். தட்டுபவர்களில் பாதிப் பேர் ஒன்றை விட்டுவிடுவார்கள். விதிப்படி ஒரு பெயர் 63 குறிகள் வரை போகலாம், எழுத்து, எண், ஹைஃபன் மட்டும் சேரலாம், ஹைஃபனில் தொடங்கவோ முடியவோ கூடாது. நடைமுறையில் பதினைந்தைத் தாண்டினாலே ஃபோனில் சொல்லச் சிரமம், ஹைஃபன் வந்தாலே பாதி வாசகர் காணாமல் போவார்கள்.

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் வைப்பவர்களுக்கு

எந்தக் கருவியும் இதைச் சொல்லித்தராது. மழைத்துளி என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். ழ-வுக்கு இசட்-எச் போடுபவர்கள், வெறும் எல் போடுபவர்கள், இசட் மட்டும் போடுபவர்கள் என மூன்று கட்சி. த்து என்பதை டி-எச்-யு என்று ஒற்றையாக எழுதுவோர் உண்டு, டி-எச் இரண்டு முறை எழுதுவோர் உண்டு, முன்னால் ஒரு டி மட்டும் கூட்டுவோரும் உண்டு. மூன்றும் மூன்றும் ஒன்பது எழுத்துக்கூட்டல். சொல்லைக் காதால் கேட்டவர் இந்த ஒன்பதில் எதைத் தட்டுவார் என்று உங்களுக்குத் தெரியாது. ஒன்பதையும் மொத்தத் தேடலில் போட்டுப் பாருங்கள். அதில் ஒன்று ஏற்கெனவே உயிரோடு இருக்கும் தளம், அதுவும் உங்கள் துறையிலேயே என்றால், அந்தச் சொல்லையே விட்டுவிடுவது நல்லது. எல்லாமே காலி என்றால் இரண்டை வாங்கி, குறைவாகத் தட்டப்படுவதை மற்றதற்குத் திருப்பிவிடலாம். குறில் நெடில் குழப்பமும் இதே கதைதான்: ஆங்கில எழுத்து 'ஏ' ஒன்றா, இரண்டா. ழ, ள, த்த, நெடில் இவற்றில் இரண்டுக்கு மேல் உள்ள சொல் டொமைனுக்கு ஆகாது என்று ஒரு கோடு போட்டுக்கொண்டால் தலைவலி குறையும். மலர், கனி, நிலா மாதிரிச் சொற்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதனாலேயே அவை எப்போதோ போயாயிற்று.

தமிழ் எழுத்திலேயே பெயர் வாங்கலாம். .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று பின்னொட்டுகளே தமிழில் உண்டு; .காமிலும் தமிழ்ப் பெயர் பதியலாம். உள்ளே டிஎன்எஸ்ஸுக்குப் போவது ப்யூனிகோடு என்ற ஆங்கில எழுத்து வடிவம். 'இந்தியா' என்ற நாலெழுத்து அங்கே 17 குறிகளாகிறது, 63 என்ற வரம்பு இந்த நீட்டப்பட்ட வடிவத்துக்குத்தான். கருவி தமிழ் எழுத்தை ஏற்காவிட்டால் ப்யூனிகோடாக மாற்றிக் கொடுங்கள், பெரும்பாலும் ஏற்கும்.

கவனிக்க வேண்டியது, கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் இருக்கும் எழுத்துகள். ஔ என்ற ஒற்றை எழுத்தும், ஒ-வை அடுத்து ள போட்ட ஒள-வும் வேறு வேறு பெயர்கள். ஸ்ரீ இன்னும் மோசம்: ஸ-வில் தொடங்கியும் எழுதலாம், யூனிகோடில் பிறகு சேர்ந்த ஶ-வில் தொடங்கியும் எழுதலாம். திரையில் ஒரே உரு, டிஎன்எஸ்ஸில் இரண்டு பெயர். உங்கள் விசைப்பலகை எதைத் தருகிறது என்று ப்யூனிகோடாக மாற்றிப் பார்த்தால்தான் தெரியும். இந்த எழுத்துள்ள பெயர் என்றால் இரண்டு வடிவத்தையும் தேடிப் பாருங்கள். கொ, கோ விஷயத்தில் பயம் வேண்டாம். கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டினாலும் இயல்பாக்கத்தில் ஒன்றாகிவிடும். எத்தனை ஆசையாகத் தமிழ்ப் பெயர் வாங்கினாலும், மின்னஞ்சலுக்கும் படிவங்களுக்கும் ஆங்கில எழுத்தில் ஒன்று கூடவே தேவைப்படும். தமிழ் டொமைனில் உள்ள மின்னஞ்சலை 'தவறான முகவரி' என்று தள்ளும் படிவங்கள் இன்னும் நிறைய.

காலிதான், ஆனால் கறை?

பெயர் காலி என்பதால் புதிது என்று ஆகாது. ஆர்டேப் இப்போதைய நிலையை மட்டும் சொல்லும், பழைய உரிமையாளரைப் பற்றி வாய் திறக்காது. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் போட்டு ஆண்டு வாரியாகப் பாருங்கள். சாதாரணமாக இருந்த தளம் ஓராண்டு இடைவெளிக்குப் பின் சூதாட்ட விளம்பரமாகவோ மருந்து விற்பனையாகவோ மாறியிருந்தால், யாரோ காலாவதிப் பெயரை வாங்கிக் கசக்கிப் பிழிந்து எறிந்திருக்கிறார்கள். வேபேக்கில் ஒன்றும் இல்லாவிட்டாலும் ஹெச்டிடிபிஎஸ் தளங்களுக்குத் தரப்படும் பாதுகாப்புச் சான்றிதழ்களின் பதிவேடுகளைத் தேடும் சிஆர்டி.எஸ்ஹெச் தளத்தில் ஒரு முறை பாருங்கள். 2018 ஏப்ரல் இறுதி முதல் குரோம் புதிய சான்றிதழ்களைப் பொதுப் பதிவேட்டில் ஏற்றக் கட்டாயப்படுத்தியதால், அதன்பின் ஹெச்டிடிபிஎஸ் ஓடிய பெயர் எதுவானாலும் அநேகமாக அங்கே தடம் இருக்கும், துணைப் பெயர்கள் உட்பட. வங்கி, லாகின், வெரிஃபை என்றெல்லாம் சேர்ந்தாற்போல் துணைப் பெயர் தெரிந்தால் அது மோசடிக்கு ஓடிய பெயராக இருக்கலாம், தொடாதீர்கள். குப்பை அஞ்சல் அனுப்பும் பெயர்களைத் தொகுக்கும் ஸ்பாம்ஹவுஸ் பட்டியலிலும் கூகுளின் சேஃப் பிரவுசிங் பக்கத்திலும் ஒரு நிமிடம் செலவழித்தால் மின்னஞ்சல் குப்பைக்குப் போகுமா என்பதும் ஓரளவு தெரிந்துவிடும்.

வணிகச் சின்னம் தனி. டபிள்யுஐபிஓ என்ற உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பிராண்டு தரவுத்தளத்தில் அதே சொல்லையும் அதே ஒலியையும் தேடுங்கள். 1999 முதல் நடைமுறையில் உள்ள, டொமைன் பெயர்த் தகராறுகளுக்கான யுடிஆர்பி விதிப்படி சின்னத்துக்குச் சொந்தக்காரர் பெயரைப் பறிக்க மூன்றைக் காட்ட வேண்டும்: பெயர் குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கிறது, உங்களுக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிந்து பயன்படுத்தினீர்கள். காசு கொடுத்து முறையாகத்தானே வாங்கினேன் என்பது இதற்குப் பதிலாகாது.

சமூக ஊடகப் பெயர்களை ஒரே சொடுக்கில் பார்க்கும் நேம்செக் போன்றவை ஒரு குத்துமதிப்புக்குத்தான். தானியங்கிகளைத் தடுக்கும் தளங்களில் அவை தப்பாகக் காட்டும்; முடக்கப்பட்ட கணக்கின் பெயரைக் காலி என்று காட்டும். முக்கியமான இரண்டு மூன்று இடங்களில் நீங்களே பதிவுப் பக்கத்தில் தட்டிப் பாருங்கள்.

பின்னொட்டு விஷயத்தில் சுருக்கமாக: இரண்டெழுத்துப் பின்னொட்டு எல்லாமே ஏதோ ஒரு நாட்டுக்கோ ஆட்சிப் பகுதிக்கோ ஐரோப்பிய ஒன்றியம் போன்ற கூட்டமைப்புக்கோ உரியது, அதன் விதிக்கு நீங்கள் கட்டுப்படுவீர்கள். .ஏஐ என்பது அங்குவிலாவுடையது, குறைந்தது இரண்டாண்டுக்குப் பதிய வேண்டும். .ஈயூ வைத்திருந்த பிரிட்டன்வாசிகள் பிரெக்ஸிட்டுக்குப் பின் 2021 தொடக்கத்தில் தகுதி இழந்தார்கள். .டெவ், .ஆப் இரண்டிலும் ஹெச்டிடிபிஎஸ் இல்லாமல் பிரவுசரில் தளம் திறக்கவே திறக்காது. வாங்கும் பக்கத்தில் முதலாண்டு விலையைப் பார்க்காதீர்கள், புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். ரெஜிஸ்ட்ரி பிரீமியம் பெயர் என்றால் ஆண்டுதோறும் அதே பிரீமியம் வரக்கூடும்.

தேடினால் திருடிவிடுவார்களா என்று ஒரு பயம் உண்டு. முழுக் கற்பனை இல்லை. 2008 தொடக்கத்தில் ஒரு பெரிய பதிவு நிறுவனம், தன் தளத்தில் தேடப்பட்ட பெயர்களைத் தானே நாலு நாளுக்குப் பதிந்து வைத்தது. புதுப் பதிவை 5 நாளுக்குள் ரத்துசெய்தால் பணம் திரும்பும் என்ற சலுகைதான் அதற்கு வழிவிட்டது. 2009 முதல் அந்தச் சலுகைக்கு வரம்பு வந்தது: ஒரு மாதத்தில் நிகரப் புதுப் பதிவில் 10 சதவீதம் அல்லது 50 பெயர், இவற்றில் எது அதிகமோ அதற்கு மேல் ரத்துசெய்தால் பணம் திரும்பாது. அதோடு அந்த வியாபாரம் படுத்துவிட்டது. ஆனாலும் முடிவான பெயரை ஆர்டேப்பில் பார்த்து, சரி என்றால் அன்றைக்கே வாங்குங்கள். ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்து இல்லை என்றால் யாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. அதே யோசனை இன்னொருவருக்கும் வந்திருக்கும்.

வாங்கியதும் பதிவு நிறுவனத்திலிருந்து முகவரியை உறுதிசெய்யச் சொல்லி ஒரு மின்னஞ்சல் வரும். பொதுப் பின்னொட்டுகளுக்கு இதற்குக் கெடு 15 நாள். குப்பைப் பெட்டியில் கிடந்து கெடு தாண்டினால் பெயரை ஹோல்டில் போடலாம். அப்போது தளம் திறக்காது, மின்னஞ்சல் வராது, டிஎன்எஸ்ஸை மட்டும் பார்க்கும் கருவியில் உங்கள் பெயருக்குப் பச்சைக் குறி விழும்.